பாலிசிதாரர் இல்லாத பேரம்

நீண்ட பதிவு இது. வணிகவியல், பொருளியல், மேலாண்மைத் துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்களும் அவர்களின் நெறியாளர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

காப்பீட்டு நிறுவனங்களின் இணைப்பைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இணைப்பு அறிவிக்கப்பட்ட நாளை நடுவில் நிறுத்தி, அதற்கு முன்னும் பின்னும் சில நாள்கள் பங்கு விலை எப்படி ஏறி இறங்கியது என்று அளக்கிறோம். அடுத்துச் சந்தைப் பங்கு, பிரீமிய வருவாய், செலவு விகிதம் ஆகியவற்றுக்கு அட்டவணைகள் போடுகிறோம். 'இணைப்பு மதிப்பை உருவாக்கியது' என்று முடிக்கிறோம். மதிப்பு யாருக்கு உருவானது என்ற கேள்விக்கு இந்த முறையியலில் இடமே இல்லை. பங்குதாரர் இருக்கிறார், மேலாண்மை இருக்கிறது, முகவர்கூட ஓர் எண்ணாக இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்குப் பணம் கட்ட ஒப்புக்கொண்ட பாலிசிதாரர் மட்டும் எங்குமே இல்லை.

என் வாதம் எளியது. ஒரு காப்பீட்டு நிறுவனம் விற்கப்படும்போது உண்மையில் கைமாறுவது பாலிசிதாரரின் எதிர்காலம். அந்தப் பேரத்தில் அவருக்கு வாக்கு இல்லை, பங்கு இல்லை, ஆயுள் காப்பீட்டில் நட்டமின்றி வெளியேறும் வழியும் இல்லை. இதைக் காணாத ஆய்வு நடுநிலையானது அன்று. வாங்கியவரின் கணக்குப் புத்தகத்தை ஆய்வு என்ற பெயரில் நகலெடுப்பதாகும் அது.

எடுத்துக்காட்டுக்கு எச்டிஎஃப்சி குழுமத்தையே கொள்வோம். காப்பீட்டு நிறுவனங்களை வாங்கி வளர்ந்த நிதிக் குழுமத்துக்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

1977இல் எச்.டி.பரேக் தொடங்கிய வீட்டுக்கடன் நிறுவனம் அது. காப்பீட்டுத் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டபோது, 2000 அக்டோபரில் பதிவுச் சான்று பெற்ற முதல் தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் எச்டிஎஃப்சி ஸ்டாண்டர்டு லைஃப். பொதுக் காப்பீட்டில் முதலில் சப் நிறுவனத்தோடும், பின்னர் ஜெர்மனியின் எர்கோவோடும் கூட்டுச் சேர்ந்தது. அதுவரை நடந்தது கட்டியெழுப்புதல். வாங்கும் காலம் பின்னர் வந்தது.

2016இல் எச்டிஎஃப்சி எர்கோ 551 கோடி ரூபாய்க்கு எல் அண்டு டி பொதுக் காப்பீட்டு நிறுவனத்தை வாங்கியது. 2019 ஜூனில் அப்போலோ மியூனிக் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் 51.2 சதவீதப் பங்குகளைத் தாய் நிறுவனமான எச்டிஎஃப்சி ஏறத்தாழ 1,347 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. 2020 நவம்பரில் அந்நிறுவனம் எச்டிஎஃப்சி எர்கோவுக்குள் கரைந்தது. 2021 செப்டம்பரில் எக்சைடு லைஃப் நிறுவனத்தை 6,687 கோடி ரூபாய்க்கு வாங்க எச்டிஎஃப்சி லைஃப் ஒப்பந்தம் செய்தது. இதில் 726 கோடி ரொக்கம். எஞ்சியதற்குப் பங்கு ஒன்று 685 ரூபாய் வீதம் 8,70,22,222 புதிய பங்குகள் எக்சைடு இண்டஸ்ட்ரீசுக்கு வழங்கப்பட்டன. 2022 அக்டோபரில் இணைப்பு முற்றுப்பெற்றது. 2023 ஜூலை 1 அன்று தாய் நிறுவனமே எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தது. வீட்டுக்கடன், வங்கிக் கணக்கு, ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, வாகனக் காப்பீடு ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

இவை அனைத்தும் சட்டப்படி நடந்தவை. ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதலும் பெற்றவை. இவற்றில் முறைகேடு நடந்தது என்று நான் சொல்லவில்லை. முறைகேடே இல்லாத, எல்லா விதிகளும் பின்பற்றப்பட்ட பேரத்திலும் பாலிசிதாரர் வெளியே நிற்கிறார் என்பதே என் குற்றச்சாட்டு.

எக்சைடு லைஃப் பேரத்தின் எண்களை மீண்டும் பாருங்கள். 2021 ஜூன் இறுதியில் அந்நிறுவனத்தின் பொதிந்த மதிப்பு 2,711 கோடி ரூபாய் என்று கணிக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் சொந்த நிகர மதிப்பும், ஏற்கெனவே விற்ற பாலிசிகளிலிருந்து வருங்காலத்தில் கிடைக்கக்கூடிய இலாபத்தின் இன்றைய மதிப்பும் சேர்ந்ததே பொதிந்த மதிப்பு. அதாவது, இன்று கையிலுள்ள பாலிசிதாரர்கள் ஒழுங்காகப் பிரீமியம் கட்டிக்கொண்டே இருந்தால் பங்குதாரருக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதும் அதில் அடக்கம். கொடுத்த விலையோ அதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மேற்பட்ட 3,976 கோடி ரூபாய் எதற்கு? இன்னும் விற்கப்படாத பாலிசிகளுக்கும், அவற்றை விற்கப்போகும் முகவர்களுக்கும், தென்னிந்தியாவின் சிறு நகரங்களில் பரவியிருந்த கிளைகளுக்கும், செலவைக் குறைக்கலாம் என்ற எதிர்பார்ப்புக்கும்.

இந்தக் கணக்கின் இரு பகுதிகளும் ஒரே இடத்தில் முடிகின்றன. முதல் பகுதி, பழைய பாலிசிதாரர் கட்டப்போகும் பணத்தின் மேல் நிற்கிறது. இரண்டாம் பகுதி, புதிய பாலிசிதாரர் வந்தே தீருவார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. கொடுத்த விலையை மீட்டெடுக்க வேண்டிய நிறுவனம் விற்பனையைத் தூண்டாமல் இருக்க இயலாது. தூண்டுதல் எங்கே போய் முடிகிறது என்பதை வங்கிக்குக் கடன் கேட்டுப் போய்க் காப்பீட்டுப் பத்திரத்தோடு திரும்பிய எவரும் அறிவார். வங்கிகள் தகாத முறையில் காப்பீட்டை விற்பது குறித்து 2024 நவம்பரில் ஒன்றிய நிதியமைச்சரே பொதுமேடையில் கடிந்துகொள்ளும் நிலை வந்தது. பல ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களில் ஐந்தாண்டு முடிவில் உயிரோடிருக்கும் பாலிசிகள் பாதியைச் சுற்றியே நிற்கின்றன. பாதிப் பேர் பாதி வழியில் இறங்கிவிடும் ஒரு வண்டியை வெற்றிக் கதையாக எழுத நமக்கு எப்படி மனம் வருகிறது?

2002இல் ஒருவர் முப்பதாம் வயதில் ஐஎன்ஜி வைசியா லைஃபில் முப்பது ஆண்டுப் பாலிசி ஒன்று எடுத்திருந்தார் என்று கொள்வோம். வைசியா வங்கியின் பழைய பெயரும் நெதர்லாந்து நிறுவனத்தின் புதிய பெயரும் சேர்ந்து அவருக்கு நம்பிக்கை அளித்திருக்கலாம். 2013இல் அந்நிறுவனம் முழுமையாக ஒரு மின்கல உற்பத்தி நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2014இல் பெயர் எக்சைடு லைஃப் ஆயிற்று. 2022இல் அப்பெயரும் மறைந்து எச்டிஎஃப்சி லைஃப் ஆயிற்று. இருபது ஆண்டுகளில் மூன்று பெயர்ப்பலகைகள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவருக்குக் கிடைத்தது ஓர் அறிவிப்பு மட்டுமே. புதிய உரிமையாளர் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வார்? மருத்துவக் காப்பீடாக இருந்தால் புதுப்பிக்கும் நேரத்தில் காத்திருப்புக் காலச் சலுகையோடு வேறு நிறுவனத்துக்கு மாறலாம். 2011 முதல் அந்த உரிமை உண்டு. ஆயுள் காப்பீட்டில் அப்படியொரு வழி இல்லை. சரண் செய்தால் கட்டிய பணத்தில் ஒரு பகுதியை இழக்க வேண்டும். ஐம்பதாம் வயதில், சர்க்கரை நோயோடு, வேறொரு நிறுவனத்தின் வாசலில் நின்றால் என்ன பிரீமியம் கேட்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. வெளியேற முடியாதவரின் மௌனத்தை 'வாடிக்கையாளர் விசுவாசம்' என்று நம் அட்டவணைகள் பெயரிடுகின்றன.

இலாபப் பங்குடைய பாலிசிகளில் இன்னும் ஆழமான சிக்கல் இருக்கிறது. இவற்றில் உபரியின் பெரும்பகுதி, அதாவது குறைந்தது 90 சதவீதம், பாலிசிதாரருக்குப் போனசாகச் செல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் உபரியைக் கணிக்கும் அனுமானங்கள், எந்தச் செலவை எந்த நிதியின் மேல் ஏற்றுவது என்ற முடிவு, எவ்வளவை இந்த ஆண்டு பகிர்ந்து எவ்வளவை இருப்பில் வைப்பது என்ற தீர்மானம் ஆகிய எல்லாம் இயக்குநர் குழுவின் கையில். இயக்குநர் குழுவோ பேரத்தோடு மாறிவிடுகிறது. போனசு உறுதியளிக்கப்பட்ட தொகை அன்று. அது ஒரு நியாயமான எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பை யார் நிர்வகிக்கிறார் என்பதே அதன் உயிர். அந்த 'யார்' என்பதையே பாலிசிதாரரைக் கேளாமல் மாற்றுகிறோம்.

இந்தியக் காப்பீட்டு வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்தக் கவலை புதிதாக இராது. விடுதலைக்கு முன்னும் பின்னும் காப்பீட்டு நிறுவனங்களை வாங்கிய முதலாளிகள் வேறொரு பொருளுக்காக வாங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது பாலிசிதாரரின் சேமிப்பு நிதி. அமெரிக்காவில் 1967இல் நேஷனல் இன்டெம்னிட்டியை 86 இலட்சம் டாலருக்கு வாங்கிய வாரன் பஃபெட், பிரீமியமாக வந்து இழப்பீடாகப் போகும் வரை கையில் தங்கும் பணத்தை முதலீட்டுக்குப் பயன்படுத்தியே ஒரு பேரரசைக் கட்டினார். இங்கே நடந்தது அதன் இருண்ட பக்கம். டால்மியாவின் கையிலிருந்த பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியின் பணம் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டதை 1955 டிசம்பரில் மக்களவையில் ஃபெரோஸ் காந்தி அம்பலப்படுத்தினார். 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட முறைகேடு அது. 1962இல் உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. அதற்குள் 1956 ஜனவரியில் அவசரச் சட்டம் வந்து, 154 இந்திய நிறுவனங்களும் 16 அயல்நாட்டு நிறுவனங்களும் 75 சேமநலச் சங்கங்களும் ஆக 245 அமைப்புகள் ஒன்றாகி, செப்டம்பர் 1 அன்று எல்ஐசி பிறந்தது. இந்த நாட்டின் மிகப் பெரிய காப்பீட்டு இணைப்பு பாலிசிதாரரின் பெயரால் நிகழ்ந்தது என்பதை இணைப்புகளைப் பற்றிய நம் ஆய்வேடுகள் மறந்துவிடுகின்றன.

பொதுத்துறை என்றால் தூய்மை என்ற பொருளில் இதைச் சொல்லவில்லை. எல்ஐசி பிறந்த மறு ஆண்டே அதன் பணம் 1.24 கோடி ரூபாய் முந்த்ராவின் நிறுவனங்களில் கொட்டப்பட்டது. டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது. ஆனால் அன்று நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். பாலிசிதாரரின் பணம் எங்கே போயிற்று என்று நாடே கேட்டது. இன்று நிதியைச் சூறையாட ஒழுங்குமுறை விதிகள் எளிதில் இடம் தருவதில்லை. அந்த அளவுக்கு முன்னேற்றம்தான். வாங்கப்படும் பொருள் நிதியிலிருந்து மனிதருக்கு மாறியிருக்கிறது. டால்மியா காலத்தில் பாலிசிதாரரின் பணம் இலக்கு. இன்று அவருடைய முகவரி, அவருடைய பழக்கம், அவர் அடுத்த முப்பது ஆண்டுகளுக்குக் கட்டப்போகும் தவணை ஆகியவை இலக்கு. அன்றைய குற்றத்துக்குச் சட்டப்பிரிவு இருந்தது. இன்றைய புறக்கணிப்புக்குச் சட்டத்தில் பெயரே இல்லை.

எதிர்வாதங்களை அறியாமல் இதை எழுதவில்லை. முதலாவது: சிறிய, நலிந்த நிறுவனங்கள் பெரியவற்றோடு இணைவது பாலிசிதாரருக்கே பாதுகாப்பு. இதில் உண்மை உண்டு. 2023 ஜூனில் சகாரா இந்தியா லைஃபின் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பாலிசிகளை எஸ்பிஐ லைஃபிடம் ஒப்படைக்க ஆணையம் உத்தரவிட்டது. அங்கே கைமாற்றத்தின் நோக்கம் பாலிசிதாரரைக் காப்பது. ஆனால் அந்த முடிவைத் தூண்டியது பாலிசிதாரரின் நலன். எக்சைடு லைஃபோ அப்போலோ மியூனிக்கோ மூழ்கிக்கொண்டிருந்த கப்பல்கள் அல்ல. உரிமையாளர்கள் நல்ல விலைக்கு விற்க விரும்பினார்கள், வாங்குபவர் வளர விரும்பினார். மீட்பு நடவடிக்கையின் நியாயத்தை வணிகப் பேரத்துக்குக் கடன் கொடுக்க முடியாது.

இரண்டாவது: சட்டம் காவலிருக்கிறது. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 35, 36ஆம் பிரிவுகள் இணைப்புக்கு ஆணையத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகின்றன, பாலிசிதாரரின் ஆட்சேபத்தைக் கருதவும் சொல்கின்றன. இச்சட்டத்துக்குப் பல் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. 2016இல் அறிவிக்கப்பட்ட எச்டிஎஃப்சி லைஃப் - மேக்ஸ் லைஃப் இணைப்பு, காப்பீட்டு நிறுவனம் அல்லாத ஒரு நிறுவனத்தின் வழியாக நடத்தத் திட்டமிடப்பட்டதால், 35ஆம் பிரிவில் தடுக்கி 2017 ஜூலையில் கைவிடப்பட்டது. ஆனால் அந்தத் திட்டத்தில் யாருக்கு என்ன ஒதுக்கப்பட்டிருந்தது என்று பாருங்கள். போட்டிக்கு வராமல் இருப்பதற்காக மட்டும் மேக்ஸ் நிறுவனர் தரப்புக்கு 850 கோடி ரூபாய். அப்போலோ மியூனிக் பேரத்திலும் கூட்டு முயற்சியை முடித்துக்கொள்வதற்காக அப்போலோ மருத்துவமனைக் குழுமத்துக்கு மியூனிக் தரப்பு தனியே 294 கோடி ரூபாய் கொடுத்தது. விலகிச் செல்வதற்கு விலை உண்டு, விலகி நிற்பதற்கும் விலை உண்டு. விட்டுச்செல்லவே முடியாமல் உள்ளே இருப்பவருக்கு மட்டும் விலை இல்லை. சட்டம் அந்த இணைப்பைத் தடுத்தது கட்டமைப்புக் கோளாறுக்காக. பாலிசிதாரர் நலனைத் தராசில் வைத்து நிறுத்ததற்காக அன்று.

மூன்றாவது: உலகெங்கும் இப்படித்தான். இது உண்மை இல்லை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் ஏழாம் பகுதியின்படி, காப்பீட்டு வணிகத்தைக் கைமாற்றச் சுதந்திரமான வல்லுநர் ஒருவரின் அறிக்கை வேண்டும். பாலிசிதாரருக்கு அறிவிக்க வேண்டும். ஆட்சேபிப்பவர் நீதிமன்றத்தில் நேரில் வந்து பேசலாம். புருடென்ஷியல் தன் ஓய்வூதிய ஆண்டுத்தொகைப் பாலிசிகளை ராத்சே லைஃபிடம் ஒப்படைக்க முயன்றபோது, ஏறத்தாழ 3,70,000 பேரின் 1,200 கோடி பவுண்டு மதிப்புள்ள பாலிசிகளை மாற்ற 2019இல் நீதிபதி ஸ்னோடன் மறுத்துவிட்டார். நீண்ட மரபுடைய பெயரை நம்பி வந்தவர்களின் எதிர்பார்ப்பையும் அவர் எடைபோட்டார். 2020 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது, 2021இல் கைமாற்றம் நடந்தேறியது என்பதும் உண்மை. இறுதியில் நிறுவனம் வென்றது. ஆயினும் முதியவர்கள் எழுதிய ஆட்சேபக் கடிதங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெரும் பேரத்தை நிறுத்திவைத்தன. அந்த அளவு செவிமடுத்தல் இங்கே எப்போது நிகழ்ந்தது?

இதைத் திருவனந்தபுரத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1898இல் திருவிதாங்கூர் அரசு தன் ஊழியர்களுக்காகத் தொடங்கிய ஆயுள் காப்பீட்டுத் திட்டம் இன்றும் கேரள மாநிலக் காப்பீட்டுத் துறையாக இந்நகரில் வாழ்கிறது. சம்பளத்தில் கட்டாயப் பிடித்தம் செய்யும் அரசுத் திட்டங்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்ததால், எல்ஐசி பிறந்தபோதும் அது தனித்து நின்றது. அரசுகள் மாறின, சமஸ்தானமே மறைந்தது, மாநிலம் பிறந்தது. வாக்குறுதி விற்பனைக்கு வரவில்லை. அதே மண்ணில்தான் 1937இல் இரு வங்கிகள் இணைந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கியாக உயர்ந்து, மறு ஆண்டே வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியில் திவான் சர் சி.பி.யின் அரசியல் கை இருந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். யார் காரணமாயினும், இழந்தவர் போட்டு வைத்தவர். பெரிதாவதும் உறுதியாவதும் ஒன்றல்ல என்பதற்கு இந்த ஊர்ப் பாட்டிமார்களிடம் ஆய்வேடு தேவைப்படாத சான்று இருந்தது.

காலம் இப்போது இன்னும் விரைகிறது. அயல்நாட்டு முதலீட்டு வரம்பு 26 சதவீதத்தில் தொடங்கி, 2015இல் 49, 2021இல் 74 என உயர்ந்தது. 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை அதை 100 ஆக்கும் முடிவை அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில், பஜாஜ் குழுமம் தன் இரு காப்பீட்டு நிறுவனங்களிலும் அலியான்ஸ் வைத்திருந்த 26 சதவீதப் பங்குகளை 24,180 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தமிட்டது. கூட்டாளிகள் பிரிவார்கள், புதியவர்கள் வருவார்கள், பெயர்ப்பலகைகள் மாறும். வாங்குதலும் விற்றலும் இனிமேல்தான் பெருகப்போகின்றன.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு இணைப்புக்கும் இரு தரப்பையும் சாராத கணிப்பாளர் ஒருவர் பாலிசிதாரர் நலன் குறித்து அறிக்கை அளிக்க வேண்டும். அது அவரவர் மொழியில் வெளியிடப்பட வேண்டும். இரண்டு, இலாபப் பங்குடைய பாலிசிகளின் நிதியைத் தனியே வேலியிட்டு, இணைப்புக்குப் பின் குறைந்தது பத்து ஆண்டுகள் அதன் போனசையும் அதன்மேல் ஏற்றப்பட்ட செலவையும் ஆண்டுதோறும் தனிக்கணக்காகக் காட்ட வேண்டும். மூன்று, உரிமை மாறும்போது குறிப்பிட்ட காலத்துக்குள் வெளியேற விரும்பும் பாலிசிதாரருக்குச் சரண் கழிவின்றி அவருக்குரிய பங்கை அளிக்க வேண்டும். இதனால் பேரங்களின் விலை குறையும் என்பார்கள். குறையட்டும். வெளியேற முடியாதவர்களைக் காட்டி வாங்கிய விலை, இருக்க வேண்டியதைவிட உயர்ந்த விலைதானே.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இணைப்பைப் பற்றிய ஆய்வுத் திட்டம் எழுதும்போது பங்கு விலை அட்டவணைக்குப் பக்கத்தில் வேறு நான்கு பத்திகளைச் சேருங்கள்: இணைப்புக்கு முன்னும் பின்னும் போனசு விகிதம், இழப்பீடு மறுக்கப்பட்ட விகிதம், குறைதீர்ப்பாளரிடம் சென்ற புகார்கள், ஐந்தாம் ஆண்டில் தொடரும் பாலிசிகள். நிறுவனங்கள் வெளியிடும் பொது அறிக்கைகளிலும் ஆணையத்தின் ஆண்டறிக்கைகளிலும் இவற்றுள் பெரும்பகுதி கிடைக்கும். கிடைக்காதவற்றைக் கேட்டு விண்ணப்பியுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையே ஆய்வேட்டில் பதிவுசெய்யுங்கள்.

நெறியாளர்கள் இதைப் 'பொருளாதாரம் அன்று, அறவியல்' என்று தள்ளிவைக்கலாம். காப்பீடு என்பது அறிமுகமற்ற இருவருக்கு இடையே முப்பது ஆண்டுகளுக்கு நீளும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கழித்துவிட்டு எஞ்சுவதை எந்தப் பொருளாதாரம் விளக்கப்போகிறது? மறுப்பவர்கள் தரவுகளோடு வாருங்கள், விவாதிப்போம்.